ஒரு பரப்புத் தோட்டத்தின் பின்புலம்: யாழ்ப்பாணச் சிறுதோட்ட வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு தலைகாட்டும்போதெல்லாம் ஆட்சியாளருக்கு வீட்டுத்தோட்டத்தின் நினைவு வருவது வழக்கம். 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாகி அந்நாட்டு அரிசியின் வரவு நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. அவ்வேளையில் குடியேற்ற அரசு வெறுமையாகக் கிடக்கும் நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் நடுமாறு மக்களைத் தூண்டியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதாகிப் பாணுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, மரவள்ளியும் வற்றாளையும் நடும்படி மீண்டும் அழைப்பு எழுந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலோ அரசு ஒருபடி மேலே சென்று, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாத காலத்துக்கு விடுமுறை வழங்கத் தீர்மானித்தது.

மூன்று சந்தர்ப்பங்களிலும் கூறப்பட்ட அறிவுரை ஏறக்குறைய ஒன்றே. சிறு துண்டு நிலம், சில விதைகள், சற்றே முயற்சி ஆகிய மூன்றும் கூடினால் ஒரு குடும்பம் தன் உணவின் பெரும்பகுதியைத் தானே விளைத்துக்கொள்ளலாம் என்பதே அவ்வறிவுரையின் சாரம். இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயின் சிறு நிலம் பெருவிளைவு தருவதற்கு வேண்டியவை எவை, அவை எங்கிருந்து வருகின்றன, யாருடைய உழைப்பால் வருகின்றன என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டைவிடப் பொருத்தமான களம் நமது நாட்டில் இல்லை. சிறுதோட்டச் செய்கையின் இலட்சிய உதாரணமாக நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்பட்டு வந்த பிரதேசம் அதுவே. 1845 முதல் 1850 வரை இந்நாட்டின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில், கிணற்றிலிருந்து துலாவால் இறைத்த நீரைப் பாத்திதோறும் பாய்ச்சிப் பயிரிடும் யாழ்ப்பாணத்தவரின் முயற்சியைப் பாராட்டி எழுதினார். அவருக்குப் பின்வந்த அதிகாரிகளும் இப்பாராட்டைத் திரும்பத் திரும்பக் கூறினர். காலப்போக்கில் யாழ்ப்பாணத்தவரே தம்மைப்பற்றிக் கொண்ட எண்ணமாகவும் அது மாறிற்று.

இத்தகைய செய்கை வளர்ந்த நிலத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். ஏறத்தாழ ஆயிரம் சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப்படுவது மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வெள்ளவாய்க்காலே. மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அம்மழை நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, நிலத்தின் கீழ்க் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாதலின் இது இயல்வதாகின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் உண்டு என்பது புவியியலாளர் கூறும் கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாகவும் நோக்க வேண்டும். மேலே ஓரடி நீரை அளவுக்கு மீறி இறைத்துவிடின், கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறிவரும். குடாநாட்டின் தோட்டங்கள் யாவும் இந்த நுண்ணிய சமநிலையின்மீதே அமைந்தவை.

அடுத்து, நிலத்துண்டின் சிறுமை. யாழ்ப்பாணத்தில் மேட்டுநிலம் பரப்புக் கணக்கில் அளக்கப்படுகின்றது. ஓர் ஏக்கரில் பதினாறு பரப்பு உண்டு. இரண்டு பரப்பு, நான்கு பரப்பு, சில வேளைகளில் ஒரு பரப்பின் சிறுகூறு என்றவாறு காணி துண்டுபட்டுக் கிடப்பதைத் தோம்புகளிலும் பிற்கால உறுதிகளிலும் காணலாம். இதற்குக் காரணம் சனப்பெருக்கம் மட்டுமன்று. ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துப் பன்னிரண்டு முதலியார்களின் பரிசீலனையுடன் 1707ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தை மூவகைப்படுத்தியது. மகளுக்குக் காணி சீதனமாகச் செல்லும். எஞ்சியது ஆண்மக்களுக்குப் பிரியும். அடுத்த தலைமுறையில் இரு பகுதியும் மேலும் பிரியும். அயலவன் காணியில் மரம் நட்டவனுக்கு விளைவில் என்ன உரிமை, வேலி கடந்து சாய்ந்த மரத்தின் பயன் யாருக்கு என்பன போன்ற சிறு விடயங்களையும் அச்சட்டத் தொகுப்பு பேசுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு முழ நிலமும் கணக்கில் வைக்கப்பட வேண்டிய நிலை இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நிலம் பிரிந்ததுபோலவே கிணறும் பிரிந்தது. ஆயின் கிணற்றை வெட்டிப் பங்கிட இயலாது. ஆகவே நேரத்தைப் பங்கிட்டனர். பங்குக் கிணறு என்னும் ஏற்பாட்டில் இன்னார் இன்ன முறையில் இறைக்கலாம் என்பது வழக்காக நிலைபெற்றது. காணி கைமாறும் உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியே குறிப்பிடப்படுவது இன்றும் உள்ள வழக்கம். நிலம் மட்டும் உடையவன் தோட்டக்காரன் ஆகான், நீரின் ஒரு முறையும் அவனுக்கு வேண்டும் என்பதை நொத்தாரிசுமார் பொருளியலாளருக்கு முன்பே அறிந்திருந்தனர் போலும்.

இனி வளவுக்குள் நுழைவோம். வீட்டைச் சூழ்ந்த நிலம் வளவு, தனியே பயிரிடப்படும் நிலம் தோட்டம் என்பது யாழ்ப்பாண வழக்கு. இரண்டும் ஒன்றையொன்று தாங்குவன. கண்டிப் பகுதியின் வீட்டுத்தோட்டத்தை அறிந்த பேராதனை மாணவர்க்கு இவ்விடத்து ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் தகும். கண்டியில் பலாவும் தென்னையும் மேலே நிற்க, கமுகும் மிளகுக் கொடியும் இடையே நிற்க, கிழங்கும் இஞ்சியும் கீழே வளரும். மழை எல்லாவற்றுக்கும் பொது. யாழ்ப்பாண வளவில் மழை அவ்வாறு பொதுவாகக் கிட்டுவதில்லையாதலால், நீர் சிந்தும் இடத்தைப் பார்த்தே பயிரின் இடம் தீர்மானிக்கப்பட்டது. குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் ஓடும் கிணற்றடியில் வாழையும் கமுகும் கறிவேப்பிலையும் நின்றன. அடுக்களையின் பின்புறத்தில் கீரைப் பாத்தி. அதிகம் நீர் வேண்டாத முருங்கையும் எலுமிச்சையும் வேலியோரத்தில். புடோலுக்கும் பாகலுக்கும் பந்தல். இராசவள்ளிக்கும் சிறுகிழங்குக்கும் மாரி மழையே போதும். ஒரு துளி நீர் மண்ணுள் மறையுமுன் இரண்டு வேலை செய்தது எனலாம்.

வளவின் மிகச் சிறந்த பகுதி அதன் நடுவில் இல்லை, ஓரத்தில் உள்ளது என்று கூறினால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். யாழ்ப்பாணத்து வேலியை அந்நியர் பலர் ஒதுக்கத்தின் சின்னமாகவும் சண்டையின் காரணமாகவுமே கண்டனர். வேலிச் சண்டைகளால் நீதிமன்றங்கள் நிரம்பியிருந்தன என்பதும் உண்மையே. ஆயின் வேளாண்மை நோக்கில் வேலி ஒரு பசளைக் களஞ்சியம். கதியாலாக நடப்பட்ட பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிற்காலத்தில் சீமைக்கிளுவை ஆகியவை ஆண்டுதோறும் கிளை வெட்டப்படும். வெட்டிய குழையில் ஒரு பகுதி ஆட்டுக்குத் தீனி, மற்றப் பகுதி தோட்டத்துக்கு. கதியால்களுக்கிடையே கட்டிய பனையோலையும் கிடுகும் ஓரிரு ஆண்டுகளில் உக்கிப்போகும். வேலியடைப்பின்போது கழற்றிய பழைய ஓலையை எவரும் வீசுவதில்லை. அதனைத் துண்டாக்கித் தோட்டத்தில் சால் வெட்டித் தாழ்ப்பர். கூரையிலிருந்து இறக்கிய ஓலைக்கும் இதுவே கதி. வீட்டின் தலையையும் வளவின் ஓரத்தையும் காத்தபின் அவ்வோலை மண்ணுக்குள் சென்று வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உணவாகியது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிதாகப் படிந்த செம்மண் நூற்றாண்டுக்கணக்காக ஓயாது பயிரிடப்பட்டும் சோர்வடையாமல் இருந்ததற்கு இத்தகைய தாழ்ப்பே அடிப்படை.

குழை தாழ்த்தல் என்பது யாழ்ப்பாண வேளாண்மையின் உயிர்நாடி. இவ்விடத்தேதான் நமது வினா கூர்மையடைகின்றது. ஒரு பரப்புக்கு வேண்டிய குழையை அந்த ஒரு பரப்பின் வேலி தந்துவிடுமா? தராது. காவிளாய் தரவைகளிலும் தெருவோரங்களிலும் பிடுங்கப்பட்டது. ஓலை பனங்காட்டிலிருந்து வந்தது. காட்டுக் குழை வன்னியிலிருந்து முதலில் வண்டியிலும் பின்னர் லொறியிலும் ஏற்றி வரப்பட்டது. கரையோரத்தாரும் தீவாரும் கடலில் ஒதுங்கிய சாதாளையை அள்ளிப் பயன்படுத்தினர். ஆட்டுப் பட்டியும் மாட்டுப் பட்டியும் கோடையில் தோட்டந்தோட்டமாக இரவில் அடைக்கப்பட்டன. அம்மந்தைகள் பகல் முழுவதும் மேய்ந்தது தோட்டக்காரனின் நிலத்திலன்று, ஊர்ப் பொதுத் தரவையிலும் அறுவடை முடிந்த வயலிலுமாகும். ஆக, பரந்த நிலத்தின் வளம் இலையாகவும் ஓலையாகவும் எருவாகவும் திரண்டு வந்து ஒரு சிறு பாத்தியில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியும் தோட்டம் ஒரு பரப்பு. அதற்கு ஊட்டமளித்த நிலமோ அதனிலும் பன்மடங்கு.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய பண்பன்று. சோவியத் ஒன்றியத்திலே கூட்டுப்பண்ணை உறுப்பினருக்கு அனுமதிக்கப்பட்ட சொந்தத் துண்டுகள் பயிரிடப்பட்ட நிலத்தில் மிகச் சிறிய பங்காயிருந்தும், இறைச்சி, பால், முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் பெரும் பங்கைத் தந்தன என்பது பலமுறை எடுத்துக்காட்டப்பட்ட செய்தி. தனியுடைமையின் மேன்மைக்கு இதனைச் சான்றாகக் காட்டியோர் பலர். ஆனால் அத்துண்டில் கட்டிய பசுவுக்கு வைக்கோலும் தீவனமும் பெரும்பாலும் கூட்டுப்பண்ணையின் பரந்த வயலிலிருந்தே வந்தன. சிறு நிலத்தின் விளைவைப் பெருநிலத்தின் விளைவோடு ஒப்பிடுவோர் இந்தப் போக்குவரத்தை மறந்துவிடுகின்றனர்.

நீருக்கும் உழைப்புக்கும் வருவோம். துலா என்பது பொறிமுறையில் எளியது. பூவரசு முதலிய மரங்களை ஆடுகாலாகக் கொண்டு அதன்மேல் நீண்ட மரமொன்று ஊசலாடும்படி பொருத்தப்படும். ஒரு முனையில் கொடியும் பட்டையும் தொங்கும். துலாவின்மேல் ஒருவர் அல்லது இருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் பட்டையைக் கிணற்றுள் இறக்கி ஏற்றி வாய்க்காலில் ஊற்றுவார். தோட்டத்தில் நிற்கும் இன்னொருவர் மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாளுக்கொரு முறை இறைப்பு வேண்டும். விடியுமுன் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்வரை நீடிக்கும். துலாவில் கால் வழுவினால் கிணற்றுக்குள் விழ நேரிடும். ஆகவே ஒரு பரப்பு நிலத்தின் விளைவு என்று கூறப்படுவது உண்மையில் பல மனிதரின் பல நூறு மணிநேர உழைப்பின் விளைவாகும்.

குடும்பத்தார் தம் உழைப்புக்குக் கூலி கணக்கிடாது, நிலம் சிறிதாகச் சிறிதாக மேன்மேலும் கடுமையாக உழைப்பர் என்பதை உருசியப் பொருளியலாளர் சயனொவ் 1925இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். யாழ்ப்பாணத்துச் சிறு விவசாயிக்கு இவ்விளக்கம் பெரிதும் பொருந்தும். ஆனால் முழுமையாகப் பொருந்தாது. இங்கே துலா மிதித்தவர் எல்லாரும் காணிக்காரரின் குடும்பத்தினர் அல்லர். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியராட்சியின் தொடக்கத்திலும் தோட்டவேலையின் கடினமான பகுதியைச் செய்தவர்களுள் சாதியின் பெயரால் அடிமைப்படுத்தப்பட்டோர் பலர் இருந்தனர். 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் அவர்களுக்கு நிலத்தை வழங்கவில்லை, கிணற்றில் பங்கையும் வழங்கவில்லை. குடிமைத் தொழில் செய்வோராகவும் வாரத்துக்குப் பயிரிடுவோராகவும் கூலியாட்களாகவும் அவர்கள் அதே தோட்டங்களில் உழைப்பைத் தொடர்ந்தனர்.

இங்கே ஒரு கொடிய முரணைக் குறிப்பிடாமல் விடமுடியாது. ஒரு காணிக்காரரின் தோட்டத்துக்கு விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பட்டை நீரை இறைத்து ஊற்றியவர், அதே ஊரின் கிணறுகளில் தம் வீட்டுக்கு ஒரு குடம் நீர் அள்ளும் உரிமையற்றவராய் இருந்தார். யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்றவர்களின் கதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீண்டது. 1960களின் பிற்பகுதியில் ஆலயங்களுக்காகவும் தேநீர்க் கடைகளுக்காகவும் எழுந்த போராட்டங்களோடு கிணற்றுக்கான உரிமையும் இணைந்திருந்தது தற்செயலன்று. யாழ்ப்பாணத்தவரின் அயரா முயற்சி என்று தெனன்ற் முதலியோர் பாராட்டியதில் யாருடைய முயற்சி எத்துணை என்பதைப் பிரித்தறிய அப்பாராட்டு உதவாது. இதை நாம்தான் செய்ய வேண்டும்.

அத்தோட்டங்கள் உணவுக்காகவே இருந்தன என்று எண்ணுவதும் தவறாகும். குடாநாடு தன் அரிசித் தேவையைத் தானே நிறைவு செய்த காலம் அண்மை நூற்றாண்டுகளில் இல்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து யாழ்ப்பாணத் தோட்டக்காரனின் முதன்மையான பணப்பயிர் புகையிலை. அது திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. புகையிலை விற்ற பணம் நெல்லையும் துணியையும் வாங்கியது, மகளின் சீதனத்தையும் மகனின் கல்வியையும் தாங்கியது. குழையும் எருவும் நீரும் முதலில் சென்றது புகையிலைக் கன்றுக்கே. வெங்காயம், மிளகாய், குரக்கன், கத்தரி, பயிற்றை என்பன அதன் முன்னும் பின்னும் இடையிலும் அதே பசளையின் எச்சத்தில் விளைந்தன. ஆகவே யாழ்ப்பாணத்துச் சிறுதோட்டம் தன்னிறைவின் வடிவமன்று. அது சந்தையோடு இறுகப் பிணைந்த ஒரு முயற்சி. கறிக்கு வேண்டியதை அது நேரே தந்தது. சோற்றுக்கு வேண்டியதைப் பணமாக்கித் தந்தது. வீட்டுத்தோட்டத்தால் நாட்டின் பசி தீரும் என்போர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அரை ஏக்கருக்குக் குறைந்த நிலத்தில் சத்தான கறி விளையும், குடும்பத்துக்கு வேண்டிய சோறு விளையாது.

சுதந்திரத்துக்குப் பின் இம்முறைமையில் நிகழ்ந்த மாற்றங்கள் விரைவானவை. 1950களில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவலாயின. மூவர் நாலு மணிநேரம் செய்ததை ஒருவர் மிகக் குறுகிய நேரத்தில் முடித்தார். துலா மிதிக்கும் கொடுமை நீங்கியது. அதனை இழப்பென எவரும் கூறத் துணியார். எனினும் துலா, தான் அறியாமலேயே ஒரு காவற்காரனாகவும் இருந்தது. மனித உடல் இறைக்கக்கூடிய அளவே கிணற்றிலிருந்து வெளியேறக்கூடிய அளவாக இருந்தது. இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. கடலுக்கு அண்மையான கிணறுகள் பல உவராயின. இதே காலத்தில் இரசாயனப் பசளையும் வந்தது. ஒரு மூடை யூரியா பல வண்டிக் குழையின் வேலையைச் செய்யுமாயின், குழை வெட்டக் கூலி கொடுப்பவர் யார்?

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாட்டின் பிற பகுதிகள் பட்டினியில் வாடிய அதே ஆண்டுகளில் குடாநாட்டுத் தோட்டக்காரர் முன்னெப்போதும் காணாத விலையைக் கண்டனர். ஒரு போகத்து வெங்காயத்திலும் மிளகாயிலும் கல்வீடு எழுந்தது என்பது மிகைப்பட்ட கூற்றாயினும் அடிப்படையற்றதன்று. கல்வீட்டுக்கு ஓடு வந்தது, ஓலைக் கூரை போயிற்று. வெளிநாட்டுப் பணமும் சேர்ந்தபின் வேலியின் இடத்தில் சீமெந்து மதில் எழுந்தது. மதில் கறையானால் அரிக்கப்படாது, ஆண்டுக்கொருமுறை அடைக்க வேண்டியதுமில்லை. ஆனால் மதில் குழை தராது, தோட்டத்தில் தாழ்க்க ஓலையும் தராது. வளவின் ஓரத்திலிருந்த களஞ்சியம் இவ்வாறு ஆரவாரமின்றி மூடப்பட்டது. 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது விலை சரிந்தது. ஆனால் மதிலும் இயந்திரமும் யூரியாவும் நிலைத்துவிட்டன.

அதன் விளைவு கிணற்றில் தெரிந்தது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தில் செறிவாகப் பயிரிடப்படும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல்லில் பாத்தியில் இட்ட யூரியா தங்குவதில்லை. மலக்குழிகளின் கழிவும் அதனுடன் கூடிக் கீழிறங்குகின்றது. வளவுக்குள்ளேயே தோட்டமும் கிணறும் மலக்குழியும் அடுத்தடுத்து அமையும் நெருக்கம், ஒருகாலத்தில் ஒரு துளி நீரையும் வீணாக்காத சிக்கனத்துக்கு உதவியது. பின்னர் அதே நெருக்கம் மேலே சிந்தியதைத் தண்ணீர்க் குடத்துக்கே திருப்பி அனுப்பும் வழியாயிற்று.

போர்க்காலம் இவ்வரலாற்றில் விசித்திரமான ஒரு சோதனை. 1990ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் எரிபொருளும் இரசாயனப் பசளையும் அடங்கின. மின்சாரமும் நின்றது. குடாநாட்டு மக்கள் உயிர்வாழ்ந்ததற்கு வளவுகளும் தோட்டங்களும் பேருதவி புரிந்தன என்பதில் ஐயமில்லை. முருங்கையிலையும் மரவள்ளியும் பப்பாசியும் பனம்பண்டங்களும் பல குடும்பங்களின் அன்றாட உணவாயின. கைவிட்ட குழைதாழ்ப்பு மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. இதனை வைத்து அக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் போக்கு ஒன்று இன்று சிலரிடம் காணப்படுகின்றது. அது ஏற்கத்தக்கதன்று. தடைக்காலத்துத் தோட்டம் பட்டினியைத் தள்ளிப்போட்டது, போதிய உணவைத் தரவில்லை. மேலும் நிலத்தை விட்டு விரட்டப்பட்டவனுக்கு அத்தோட்டமும் இல்லை. வலிகாமம் வடக்கின் வளமான செம்மண் தோட்டங்களில் பெரும்பகுதி 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். பாத்தியில் நின்ற பயிரையும், கொட்டிலில் நின்ற ஆட்டையும், வேலியோரத்து முருங்கையையும் எவரும் சுமந்து செல்ல இயலவில்லை. பனங்காடுகள் எறிகணைக்கும் காவலரண்களுக்கும் இரையாயின. வலயக் காணிகளின் சில பகுதிகள் போர் முடிந்தபின் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் கண்டது எல்லை அழிந்த பற்றைக்காட்டையும் தூர்ந்த கிணற்றையுமே. தோட்டத்தை மீளச் செய்ய நிலம் கிடைத்தால் மட்டும் போதாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தனர். கிணறு இறைத்துத் துப்புரவாக்கப்பட வேண்டும், பழைய வாய்க்கால் உரிமை அயலவருடன் பேசித் தீர்க்கப்பட வேண்டும், வேலிக்குக் கதியால் வேண்டும். அவர்களின் பிள்ளைகளோ இவ்வேலையைக் கண்ணால் காணாமலே முகாமில் வளர்ந்தவர்கள்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்து எதிர்ப்பு வலுத்தபின் அவ்வாண்டு நவம்பரில் அத்தடையை விலக்கியது. முன்னோர் யூரியாவின்றிப் பயிரிட்டனரே என்னும் வாதம் அப்போது அடிக்கடி கேட்டது. முன்னோர் பயிரிட்டது உண்மை. அவர்களிடம் வண்டிக் குழையும் பட்டியும் ஓலைவேலியும் தரவையும், இவற்றைச் சுமந்து தாழ்க்கக் கேள்வியின்றிப் பணியாற்ற வைக்கப்பட்ட மனிதரும் இருந்தனர். தரவைகள் குடியிருப்புகளாயின, வேலிகள் மதில்களாயின, உழைத்தவர்களின் பிள்ளைகள் நியாயமாகவே வேறு தொழில்களை நாடினர். இவற்றுள் எதனையும் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மீட்க முடியாது. குழைக்கென மரம் நடுவதாயின் அதற்கு நிலம் ஒதுக்க வேண்டும், வெட்டித் தாழ்ப்பவருக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும். சணலை மாரியில் விதைத்துப் பூக்குமுன் மண்ணோடு உழுதுவிடும் பழைய முறை செம்மண் தோட்டங்களில் எளிதில் மீளக்கூடியது. ஆனால் ஒரு போகத்தை அதற்கு விட்டுக்கொடுக்கும் வசதி நான்கு பரப்பு உடையவனுக்கு அரிதாகவே உண்டு.

2022 ஜூனில் வழங்கப்பட்ட வெள்ளிக்கிழமை விடுமுறையைப்பற்றி ஒரு சொல். மலைநாட்டுக்கும் மேல்மாகாணத்துக்கும் அம்மாதங்கள் மழைக்காலம். குடாநாட்டுக்கோ சோளகக் காற்று மண்ணை உலர்த்தும் காலம். கிணற்று நீர் இறங்கிக்கொண்டிருக்கும், இறைப்பு மிகுதியாக வேண்டப்படும். அவ்வாண்டு அம்மாதங்களிலே மண்ணெண்ணெய்க்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மின்சாரம் மணிக்கணக்கில் வெட்டப்பட்டது. விடுமுறை பெற்ற ஊழியரின் வளவில் கிணறு இருந்தது, இயந்திரமும் இருந்தது, ஆனால் அதனை இயக்க எண்ணெய் இருக்கவில்லை. பழைய கிணறுகள் சிலவற்றினருகே ஆடுகாலாக நட்ட பூவரசுகள் முதிர்ந்த மரங்களாய் இன்னும் நின்றன. அவற்றின்மேல் துலா இருக்கவில்லை, அதனை மிதிக்கத் தெரிந்தவர்களும் ஊரில் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.